இரண்டாவது புதன்கிழமை

கப்பல் புறப்பட்ட மறுநாள் காலை, லிஃப்ட்காரர் மேல்தளத்தில் ஒரு நாற்காலியைக் கண்டுபிடித்து அதில் உட்கார்ந்தார். நான்கு நிமிடம் உட்கார்ந்திருப்பார். விசில் ஊதிவிட்டார்கள்.

அது தனக்கான விசில் என்று முதலில் அவர் நினைக்கவில்லை. கப்பல் என்றால் ஏதாவது ஊதிக்கொண்டுதான் இருக்கும் என்று விட்டுவிட்டார். இரண்டாவது விசில் காதுக்குள்ளேயே கேட்டபோதுதான் திரும்பிப் பார்த்தார். வெள்ளைச் சீருடை, வெள்ளைத் தொப்பி, வாய் கொள்ளாத சிரிப்பு என்று ஒருவர் நின்றிருந்தார். சட்டைப் பைக்கு மேல் ‘மகிழ்ச்சி அதிகாரி’ என்று நூலில் தைத்திருந்தது.

“ஐயா, என்ன பண்றீங்க?”

“கடல் பாக்கறேன்.”

“எந்த நிகழ்ச்சியில?”

“நிகழ்ச்சியெல்லாம் ஒண்ணுமில்ல தம்பி. நானாத்தான் பாக்கறேன்.”

அதிகாரியின் சிரிப்பு குறையவில்லை. அது குறையக்கூடிய வகைச் சிரிப்பு அல்ல. ஆனால் கண்கள் மட்டும் கவலைப்பட்டன. “தனியாவா?” என்று கேட்டார், துக்கம் விசாரிக்கிற குரலில்.

லிஃப்ட்காரர் முப்பத்தெட்டு வருடம் பன்னிரண்டு மாடி அலுவலகக் கட்டடம் ஒன்றில் லிஃப்ட் இயக்கியவர். அந்தக் கட்டடத்தில் எழுநூறு சன்னல்கள் இருந்தன; லிஃப்டில் ஒன்றுகூட இல்லை. வெளியே மழை பெய்கிறது என்பதை ஏறுகிறவர்களின் குடையைப் பார்த்துத் தெரிந்துகொள்வார். வெயில் என்பதை அவர்களுடைய சட்டையின் முதுகைப் பார்த்துத் தெரிந்துகொள்வார். எதிரே எப்போதும் ஒரு கதவு இருக்கும். அது திறந்தால் எதிரே ஒரு சுவர் இருக்கும். ஓய்வு பெற்ற அன்று மகள், “அப்பா, உங்களுக்கு என்ன வேணும்?” என்று கேட்டபோது, “எதிர்ல ஒண்ணுமே இல்லாத இடமாப் பாத்துக் கொஞ்ச நாள் உக்காரணும்மா” என்றார். மகளும் மருமகனும் கூடிப் பேசி, எதிரில் ஒன்றுமே இல்லாத இடம் கடல்தான் என்று முடிவுசெய்தார்கள். ஓய்வுபெற்றவர்களுக்கென்றே உலகத்தைச் சுற்றி ஓடும் அந்தக் கப்பலில், நூற்றெட்டு நாள் பயணத்துக்கு, அவரையும் அவர் மனைவியையும் ஏற்றிவிட்டார்கள்.

மனைவி தபால் அலுவலகத்தில் முப்பத்துநான்கு வருடம் முத்திரை குத்தியவர். கணவருக்குக் காலை ஷிஃப்ட், மனைவிக்கு மாலை ஷிஃப்ட். அவர் வீட்டுக்குள் செருப்பைக் கழற்றுகிற நேரத்தில் இவர் செருப்பை மாட்டிக்கொண்டிருப்பார். குழந்தை வளர்ப்பு, வாடகை வீடு மாறியது, மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தது எல்லாமே அந்தச் செருப்பு நேரத்தில் பேசி முடித்த விஷயங்கள்தான். இப்போது நூற்றெட்டு நாள் பக்கத்துப் பக்கத்தில் உட்காரப் போகிறோம் என்று லிஃப்ட்காரருக்கு உள்ளூரக் கொஞ்சம் கூச்சமாகக்கூட இருந்தது.

“எங்க கம்பெனி இருபது வருஷமா ஆராய்ச்சி பண்ணிருக்குங்க ஐயா” என்று மகிழ்ச்சி அதிகாரி விளக்கினார். “ஓய்வு பெற்றவங்களை அப்படியே விட்டா, அவங்க ஓய்வெடுக்க ஆரம்பிச்சிடறாங்க. ஆரம்பிச்சா நிறுத்தறதேயில்ல. அப்புறம் கப்பல் எதுக்கு, நாங்க எதுக்கு? அதனால உங்க மகிழ்ச்சிய நாங்க எங்க பொறுப்புல எடுத்துக்கிட்டோம். நீங்க அதுல தலையிடவே வேண்டியதில்ல.”

ஒரு சின்னப் புத்தகத்தை எடுத்துக் கையில் கொடுத்தார். அட்டையில் ‘மகிழ்ச்சிப் புத்தகம், பயணி 714’ என்று இருந்தது. உள்ளே நாளுக்கு ஒரு பக்கம். ஒவ்வொரு பக்கத்திலும் தேதியும் கிழமையும் அச்சடித்து எட்டுக் கட்டங்கள் போட்டிருந்தார்கள். ஒரு நிகழ்ச்சிக்குப் போனால் ஒரு முத்திரை. நாளொன்றுக்கு எட்டு முத்திரை வாங்காத பயணி ‘கவனிக்கப்பட வேண்டியவர்’ ஆகிவிடுவார்.

“கவனிக்கப்பட்டா என்ன பண்ணுவீங்க?”

“பன்னிரண்டு நிகழ்ச்சிக்கு அனுப்புவோம்.”

“சரி. இந்த நாற்காலியில நான்…”

“இது உக்காரறதுக்கான நாற்காலி இல்லைங்க ஐயா. விளம்பரப் புத்தகத்துக்குப் போட்டோ எடுக்கறதுக்கான நாற்காலி. நாளைக்கு இந்தப் பன்னிரண்டையும் சுத்திக் கயிறு கட்டிடுவோம்.”

சொன்னபடியே கட்டிவிட்டார்கள்.

அன்றிலிருந்து லிஃப்ட்காரர் மகிழ்ச்சியாக இருக்கத் தொடங்கினார். காலை ஏழு மணிக்குச் சிரிப்புப் பயிற்சி. ஏழரைக்குக் கைக்குட்டையை அன்னப்பறவையாக மடித்தல். எட்டே காலுக்கு உட்கார்ந்த நடனம். ஒன்பதுக்கு ‘ஓய்வெடுப்பது எப்படி?’ என்ற சொற்பொழிவு. உட்கார்ந்தால் சிலர் தூங்கிவிடுகிறார்கள் என்பதால் அதை நின்றுகொண்டே கேட்க வேண்டும். பத்தே காலுக்கு ‘கடல் ஓர் அறிமுகம்’. இதைக் கேள்விப்பட்டதும் லிஃப்ட்காரர் தலைசீவிக்கொண்டு முதல் ஆளாய்ப் போனார். அது நீர்மட்டத்துக்குக் கீழே, சன்னல் இல்லாத ஓர் அரங்கத்தில் நடந்தது. திரையில் இருபது நிமிடம் கடலைக் காட்டினார்கள்.

முடிவில் கேள்வி கேட்கலாம் என்றார்கள். லிஃப்ட்காரர் கையைத் தூக்கினார்.

“இப்ப வெளியில இருக்கறதும் இதே கடல்தானே? அதையே காட்டலாமே?”

மகிழ்ச்சி அதிகாரி அந்தக் கேள்வியை மெச்சிக்கொண்டார். “இது போன வருஷம் எடுத்ததுங்க ஐயா. அன்னிக்கு வெளிச்சம் பிரமாதம். நாலு நிபுணர்கள் பாத்து ஒப்புதல் கொடுத்த கடல். வெளியில இருக்கறது எந்த நேரத்துல எப்படி இருக்கும்னு யாராலயும் உத்தரவாதம் குடுக்க முடியாது. அதை நம்பி உங்களை அதுகிட்ட விட முடியுமா?”

கடலைத் தனியாகப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு ஒரு விண்ணப்பப் படிவம் இருந்தது. லிஃப்ட்காரர் அதை வாங்கி ஒழுங்காக நிரப்பினார். ‘காரணம்’ என்ற இடத்தில் ‘சும்மா’ என்று எழுதினார். மறுநாள் திரும்பி வந்தது. ஒப்புக்கொள்ளப்பட்ட காரணங்களின் பட்டியலில் ‘சும்மா’ இல்லை. கப்பல் டாக்டரைப் பார்க்கச் சொல்லியிருந்தார்கள். டாக்டர் அவருடைய நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தார், முட்டியில் தட்டிப் பார்த்தார். “எவ்வளவு நாளா சும்மா இருக்கணும்னு தோணுது?” என்று கேட்டார்.

“முப்பத்தெட்டு வருஷமா, டாக்டர்.”

“முத்த விட்டுட்டீங்களே” என்று வருந்தி, சாப்பாட்டுக்குப் பின் ஒரு கைவேலை வகுப்பும், படுக்கப் போகுமுன் ஒரு பாட்டு வகுப்பும் எழுதிக் கொடுத்தார்.

இதெல்லாம்கூட அவருக்குப் பெரிதாகத் தெரிந்திருக்காது. மனைவி கூடவே இருந்திருந்தால் இரண்டு பேருமாகச் சேர்ந்து திட்டிக்கொண்டே அன்னப்பறவை மடித்திருப்பார்கள். ஆனால் மூன்றாம் நாளே மனைவி கைவிட்டுப் போய்விட்டார்.

அது நடந்தது இப்படி. நிகழ்ச்சி முடிந்து எல்லோரும் வரிசையில் நின்று முத்திரை வாங்கிக்கொண்டிருந்தார்கள். மனைவியின் முறை வந்தது. முத்திரை கோணலாக விழுந்தது. பாதி தேதிதான் தெரிந்தது. மீதி மையாக வழிந்தது. முப்பத்துநான்கு வருடம் முத்திரை குத்திய கை சும்மா இருக்குமா?

“இங்க கொடுங்க அதை” என்று முத்திரைக் கட்டையைப் பிடுங்கினார். “மையில அமுக்கக் கூடாது, தொட்டு எடுக்கணும். மணிக்கட்ட ஆட்டக் கூடாது. முழங்கையில இருந்து வரணும். இப்படி.”

டக், டக், டக் என்று பின்னால் நின்ற நாற்பது பேருக்கும் ஒரே மூச்சில் குத்தித் தள்ளினார். நாற்பதும் வட்ட நிலா மாதிரி விழுந்தன. வரிசை முழுக்கக் கை தட்டியது. மகிழ்ச்சி அதிகாரியின் கண்ணில் நீர் கோத்துவிட்டது. அன்று மாலையே மனைவிக்குக் குறுக்காக ஒரு நீலப் பட்டையை மாட்டி, ‘கௌரவ முத்திரை அதிகாரி’ என்று அறிவித்து, ஒரு மேசையும் கொடுத்துவிட்டார்கள். மறுநாள் முதல் கப்பல் முழுக்க அவரை ‘முத்திரையம்மா’ என்றுதான் கூப்பிட்டது.

முத்திரையம்மா காலை ஆறரைக்கு அறையை விட்டுப் போனால் ராத்திரிச் சாப்பாட்டுக்குத்தான் திரும்புவார். லிஃப்ட்காரர் பக்கத்து அறைப் பல் டாக்டரோடு உட்கார்ந்து சாப்பிட்டார். பல் டாக்டர் நல்ல மனிதர்தான். ஆனால் எதிரே இருப்பவர் வாயைத் திறந்தால் சொல்வதைக் கேட்க மாட்டார், பல்லை எண்ணிக்கொண்டிருப்பார்.

இப்படியே அறுபது நாள் ஓடின. அதன் பின் அந்தப் புதன்கிழமை வந்தது.

அன்றைக்கு நிறைய நடந்தது. காலையில், ஆயிரத்து நூறு பேரையும் மேல்தளத்தில் நிறுத்திக் கடலுக்கு முதுகைக் காட்டி ஒரு குழுப் படம் எடுத்தார்கள். அப்போது வீசிய காற்றில் மகிழ்ச்சி அதிகாரியின் தொப்பி பறந்து கடலில் விழுந்தது. மதியம் ஒன்று பத்துக்கு, தரையில் சிந்திய சூப்பில் கால் வைத்துப் பல் டாக்டர் சறுக்கி விழுந்தார், இடுப்பில் சுளுக்கு. நான்கு மணிக்கு லிஃப்ட்காரர் இரண்டே முத்திரையோடு மனைவியின் மேசைக்குப் போனார்.

“இன்னும் ஆறு குறையுதே” என்றார் முத்திரையம்மா, நிமிராமல்.

“தெரியும். நீ குத்து. அப்புறம் வா, அப்படி மேல போய் ஒரு அஞ்சு நிமிஷம் நிப்போம்.”

“போகாத நிகழ்ச்சிக்கு எப்படிங்க குத்தறது? பின்னாடி ஆள் நிக்கறாங்க பாருங்க.”

“நான் உன் புருஷன்!”

“இங்க நீங்க பயணி எழுநூத்துப் பதினாலு.”

லிஃப்ட்காரருக்கு முப்பத்தெட்டு வருடத்தில் லிஃப்டுக்குள் ஒரு தடவைகூட குரல் உயர்ந்ததில்லை. அந்தப் பெட்டிக்குள் கத்தினால் கத்துகிறவனுக்கே காது வலிக்கும். அன்று உயர்ந்தது. “நான் ஒரு பொட்டிக்குள்ள இருந்தேன், நீ ஒரு கம்பிக்குப் பின்னாடி இருந்தே. போதும்னுதானே இங்க வந்தோம்? இங்கயும் போய் ஒரு கவுண்ட்டரத் தேடிப் பிடிச்சு உக்காந்துக்கிட்டியே!”

முத்திரையம்மாவின் கை நின்றது. “முப்பத்திநாலு வருஷம் குத்தினேன்” என்றார். “ஒருத்தர், ஒரே ஒருத்தர், நல்லா குத்தறீங்கம்மான்னு சொன்னதில்ல. நீங்களும் சொன்னதில்ல. இங்க கை தட்டறாங்க.”

லிஃப்ட்காரர் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அன்று ராத்திரி இருவரும் பேசவில்லை. வரிசையில் நின்றவர்கள் எல்லாவற்றையும் கேட்டார்கள். மகிழ்ச்சி அதிகாரி அன்றைய குறிப்பேட்டில் ‘மாலை 4.00, தகராறு, ஒன்று’ என்று எழுதிக்கொண்டார்.

சாப்பாட்டுக்குப் பிறகு ஒலிபெருக்கியில் ஓர் அறிவிப்பு வந்தது. கப்பல் கிழக்கே போய்க்கொண்டிருந்ததால், உலகத்தில் தேதி மாறுகிற கோட்டை அன்று இரவு தாண்டுகிறது. அதனால் ஒரு நாள் பின்னால் போக வேண்டும். நாளைக்கும் புதன்கிழமை, இதே தேதி. இது கடலில் போகிறவர்களுக்குப் புதிதல்ல. ஆனால் மகிழ்ச்சிப் புத்தகத்தை அச்சடித்தவருக்கு இது தெரிந்திருக்கவில்லை. புத்தகத்தில் அந்தத் தேதிக்கு ஒரு பக்கம்தான் இருந்தது. பெரும்பாலானவர்களுக்கு அது நிரம்பியும் போயிருந்தது.

மகிழ்ச்சி அதிகாரி அவசரமாகத் தலைமை அலுவலகத்துக்குத் தகவல் அனுப்பினார். ‘அந்தத் தேதிக்கான மகிழ்ச்சி ஏற்கெனவே பெறப்பட்டது. புதிதாக எதுவும் நடக்க வேண்டாம்’ என்று பதில் வந்தது.

காலையில் எல்லோரையும் பெரிய அரங்கத்தில் கூட்டினார்.

“பெரியோர்களே, தாய்மார்களே! புதுசா எதுவும் நடக்கக் கூடாதுன்னு உத்தரவு. அதே சமயம் உங்களை ஒண்ணும் நடக்காம விட்டுட எங்களுக்கு மனசு வராது. அதனால நேத்து என்ன நடந்துச்சோ, அதையே இன்னிக்கும் அப்படியே நடத்தப் போறோம். புதுசாவும் எதுவும் நடந்ததா ஆகாது, சும்மாவும் யாரும் இருந்ததா ஆகாது. உங்க ஒத்துழைப்புதான் முக்கியம். நேத்து சிரிச்சவங்க சிரிங்க, நேத்து இருமினவங்க இருமுங்க. உங்களுக்கு எது சந்தோஷம்னு உங்களை விட எங்க குறிப்பேட்டுக்கு நல்லாத் தெரியும்!”

எல்லோரும் கை தட்டினார்கள். பிறகு முந்தின நாள் போட்ட துணியை அழுக்குக் கூடையிலிருந்து எடுத்துப் போட்டுக்கொண்டு வந்தார்கள். ஒரு அம்மாள் அதைத் துவைக்கப் போட்டுவிட்டதால் ஈரத்தோடு வந்தார்.

சிரிப்புப் பயிற்சியில் முந்தின நாள் சொன்ன அதே துணுக்கைச் சொன்னார்கள். பதினான்கு வினாடி சிரித்ததாகக் குறிப்பில் இருந்தது. இன்று ஒன்பதில் நின்றுவிட்டது. மீதி ஐந்து வினாடியையும் நிறுத்துக் கடிகாரம் வைத்துச் சிரிக்கவைத்தார்கள். குழுப் படத்தின்போது இரவல் தொப்பி ஒன்றை அணிந்துகொண்டு மகிழ்ச்சி அதிகாரி அதே இடத்தில் நின்றார். ஒரு பொட்டுக் காற்றில்லை. கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்துவிட்டு, தொப்பியைத் தானே எடுத்துக் கடலில் வீசி, “ஐயோ, என் தொப்பி!” என்று முந்தின நாளைப் போலவே திடுக்கிட்டார்.

மதியம் ஒன்று பத்துக்குப் பல் டாக்டரைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தார்கள். இடுப்பில் பட்டை கட்டியிருந்தார். பரிமாறுகிறவர் ஒரு கரண்டி சூப்பை அதே இடத்தில் அளந்து ஊற்றினார்.

“நான் விழமாட்டேன்” என்றார் பல் டாக்டர்.

“ஐயா, நேத்து நீங்க விழுந்ததாக் கப்பல் டாக்டர் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கார். இன்னிக்கு நீங்க விழலைன்னா அவரு பொய் எழுதினதா ஆயிடும். ஒரு டாக்டரே இன்னொரு டாக்டர இப்படி மாட்டிவிடலாமா?”

“ஒரு மெத்தையாவது போடுங்கய்யா!”

“நேத்து மெத்தை இல்லைங்களே.”

கடைசியில் இரண்டு பேர் அக்குளில் தாங்கிக்கொள்ள, பல் டாக்டர் குழந்தையைத் தொட்டிலில் கிடத்துவது போல மெல்லத் தரையில் விழுந்தார். “நேத்து ‘அம்மா’ன்னீங்க” என்று அதிகாரி நினைவூட்டினார். “அம்மா” என்றார் பல் டாக்டர், விட்டத்தைப் பார்த்துக்கொண்டே. குறிப்பேட்டில் ஒரு சரி போட்டார்கள்.

நான்கு மணி ஆகப் போகிறது என்றதும் லிஃப்ட்காரர் அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். போய்க் கதவைத் தட்டிக் கூட்டி வந்தார்கள். முத்திரை மேசைக்கு முன்னால் பெருங்கூட்டம் கூடியிருந்தது. நேற்றுப் பின்வரிசையில் நின்று சரியாகக் கேட்காதவர்கள் இன்று முன்னால் இடம் பிடித்திருந்தார்கள்.

முத்திரையம்மா நீலப் பட்டையோடு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். தகராறுக்குப் பிறகு இருவரும் இப்போதுதான் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டார்கள்.

“ஆரம்பிங்க ஐயா” என்றார் மகிழ்ச்சி அதிகாரி, குறிப்பேட்டை விரித்துக்கொண்டு.

“நீ… நீ குத்து” என்றார் லிஃப்ட்காரர். “அப்புறம் வா, மேல போய் ஒரு அஞ்சு நிமிஷம் நிப்போம்.”

“போகாத நிகழ்ச்சிக்கு எப்படிங்க குத்தறது.”

“நான் உன் புருஷன்.”

“நேத்து இன்னும் கொஞ்சம் சத்தமா சொன்னீங்க ஐயா” என்றார் அதிகாரி.

லிஃப்ட்காரர் சத்தமாகச் சொல்ல முயன்றார். முன்னைவிடச் சின்னக் குரல்தான் வந்தது. எல்லோரும் முத்திரையம்மாவைப் பார்த்தார்கள்.

“இங்க நீங்க…” என்று முத்திரையம்மா தொடங்கினார். முந்தின நாள் அது வாயிலிருந்து தானாக வந்த சொல். இன்று அதை எடுத்து வைத்துச் சொல்ல வேண்டியிருந்தது. சொல்லப் பார்த்தார், முடியவில்லை.

“பயணி எழுநூத்துப் பதினாலு” என்று கூட்டத்திலிருந்து ஒருவர் எடுத்துக் கொடுத்தார்.

“எனக்குத் தெரியும். சும்மா இருங்க” என்று அவரை அதட்டிவிட்டு, முத்திரையம்மா கணவரின் புத்தகத்தைக் கையில் வாங்கினார். புதன்கிழமைப் பக்கத்தைத் திறந்தார். முத்திரைக் கட்டையை மையில் தொட்டு எடுத்தார். கை பாதி வழியில் நின்றுவிட்டது. புருவம் சுருங்கியது.

“நீங்க போன ரெண்டு நிகழ்ச்சிக்கும் இந்தத் தேதியில ஏற்கெனவே முத்திரை இருக்கே” என்றார்.

“ஆமாங்கம்மா, அதுக்கு மேலயே இன்னொரு தடவை குத்திடுங்க” என்றார் அதிகாரி.

இந்தச் சொல்லை அவர் சொல்லியிருக்கக் கூடாது. முத்திரையம்மா நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

“முத்திரை மேல முத்திரையா? என்ன பேச்சு பேசறீங்க? ஒரு தபால்தலைல ஒரு தடவை குத்தியாச்சுன்னா அது தீர்ந்தது. அது மேல இன்னொரு தடவை குத்தறவன் ஒண்ணு திருடனா இருக்கணும், இல்ல தூங்குமூஞ்சியா இருக்கணும். முப்பத்திநாலு வருஷத்துல நான் அப்படி ஒண்ணுகூடக் குத்தினதில்ல.”

“அப்ப இன்னிக்கு நடந்ததை எப்படிப் பதிவு பண்றது?”

“பண்ண முடியாது. இன்னிக்கு வந்தாலும் பதிவாகாது, வராட்டியும் பதிவாகாது.” முத்திரையம்மா தன் வாயிலிருந்து வந்ததைத் தானே ஒரு நிமிடம் யோசித்துப் பார்த்தார். பிறகு மை டப்பாவை மூடி, முத்திரைக் கட்டையைத் துணியில் துடைத்து, மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினார். “கவுண்ட்டர் மூடியாச்சு. என்னங்க, வாங்க போவோம்.”

“எங்கம்மா?” என்று பதறினார் அதிகாரி. “நேத்து நீங்க எங்கயும் போகலையே!”

“அதான் நேத்து பண்ணின தப்பு” என்றார் முத்திரையம்மா.

மேல்தளத்தில் கயிற்றைத் தூக்கிப் பிடித்துக் கணவரை உள்ளே விட்டு, தானும் குனிந்து நுழைந்தார். பன்னிரண்டு விளம்பர நாற்காலிகளில் ஒன்றில் ஏற்கெனவே ஒருவர் கால் நீட்டிக் கிடந்தார். தோளில் நான்கு தங்கக் கோடுகள். அவர்களைக் கண்டதும் திருடிப் பிடிபட்டவர் போல எழுந்து நின்றார். கப்பலின் கேப்டன்.

“புகார் பண்ணிடாதீங்க” என்றார் கேப்டன். “நான் தினமும் அறுபது பயணிகளோட கை குலுக்கிப் படம் எடுத்துக்கணும். இன்னிக்குப் பதிவு இல்லைன்னு கேள்விப்பட்டேன். அதான் இப்படி வந்து… கடல் ரொம்ப நல்லா இருக்குல்ல? பதினெட்டு வருஷமா இதுலதான் வேலை, இவ்வளவு பெருசா இருக்கும்னு நினைக்கல.”

“கப்பலை யாருங்க ஓட்டறது?” என்று லிஃப்ட்காரர் மெதுவாகக் கேட்டார்.

“அதுக்கு வேற ஆள் இருக்காங்க. நல்ல பசங்க.”

மூவரும் உட்கார்ந்தார்கள். பின்னாலேயே பல் டாக்டர் தடியூன்றி வந்தார். அவருக்குப் பின்னால் ஈரத்துணி அம்மாள். அரைமணி நேரத்தில் ஆயிரத்து நூறு பேரும் மேல்தளத்துக்கு வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

“அங்க என்ன தெரியுது?” என்று பின்னாலிருந்த ஒருவர் எட்டிப் பார்த்தார்.

“ஒண்ணுமில்லை.”

“எங்க?”

“அதோ, அங்க. இந்தப் பக்கமும் ஒண்ணுமில்லை, பாருங்க.”

“ஆமா” என்றார் அவர், மனம் நிறைந்து.

எல்லோரும் ஒரே பக்கம் நின்றதால் கப்பல் லேசாகச் சாய ஆரம்பித்தது. மகிழ்ச்சி அதிகாரி விசிலை ஊதிக்கொண்டு ஓடி வந்தார். “பாதிப் பேர் அந்தப் பக்கம் போங்க! தயவுசெஞ்சு! அந்தப் பக்கமும் கடல்தான்!” என்று கத்தினார். கத்திய பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைத்தது. விசில் வாயிலிருந்து நழுவி மார்பில் தொங்கியது. மெல்லத் திரும்பி அந்தப் பக்கம் பார்த்தார். பிறகு கண்ணுக்குக் கையால் நிழல் கட்டிக்கொண்டு, இரண்டு தொப்பி போன திசையையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

லிஃப்ட்காரர் கடலைக் கண் கொட்டாமல் பார்த்தார். “நீ குத்தறது நல்லாத்தான் இருக்கு. மூணாம் நாள் வரிசைல நான் பின்னாடிதான் நின்னேன். வட்டமா, அப்படியே… சொல்லணும்னு நினைச்சேன்.”

“செருப்பு மாட்டற நேரத்துல எங்க சொல்றது” என்றார் முத்திரையம்மா. அவர் கண்ணைக் கடலிலிருந்து எடுக்கவில்லை. நீலப் பட்டையைக் கழற்றி மடியில் சுருட்டி வைத்திருந்தார்.

மறுநாள் ஒழுங்காக வியாழக்கிழமை வந்தது. தலைமை அலுவலகம் விசாரணைக்கு உத்தரவிட்டது. எந்தத் தேதியில் நடந்த குற்றம் என்று படிவத்தில் எழுத முடியாததால் விசாரணை நின்றுபோனது. மகிழ்ச்சி அதிகாரி முத்திரையம்மாவிடம் வந்து நீலப் பட்டையை மறுபடி மாட்டிக்கொள்ளச் சொல்லிக் கெஞ்சினார். அறுநூறு பேர் வரிசையில் நிற்கிறார்கள், வேறு யார் குத்தினாலும் கோணலாக விழுகிறது, கலகம் வந்துவிடும் என்றார்.

முத்திரையம்மாவுக்கும் கை நமநமவென்றுதான் இருந்தது. அதை மறைப்பானேன்?

“வரேன்” என்றார். “ஆனா மேசை மேல்தளத்துல இருக்கணும்.”

“மேல காத்துல தாளெல்லாம் பறந்திடுமேம்மா!”

“பறக்காமப் பிடிக்க ஒரு ஆள் போடுங்க.”

இப்படித்தான் லிஃப்ட்காரர் ‘கௌரவ தாள் பிடிப்பாளர்’ ஆனார். அவருக்கும் ஒரு நீலப் பட்டை போட்டார்கள். முழுநேர வேலை என்பதால் நாளுக்கு எட்டு முத்திரையும் அவருக்குத் தானாகவே விழுந்துவிடும். காலை முதல் மாலை வரை மேசைக்குப் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்து, உள்ளங்கையைத் தாள்களின் மேல் வைத்துக்கொண்டு, அவர் கடலைப் பார்த்தார். வரிசையில் நிற்பவர்களும் வேறு பார்க்க எதுவும் இல்லாததால் அதையே பார்த்தார்கள். வரிசை நாளுக்கு நாள் மெதுவாக நகர்ந்தது. யாரும் புகார் சொல்லவில்லை.

ஒரு நாள் பெரிய காற்று வந்தது. நீளமான ஒரு தாள் மேசையிலிருந்து கிளம்பி, கம்பியைத் தாண்டி, இரண்டு தடவை புரண்டு, நிதானமாகத் தண்ணீரில் போய் உட்கார்ந்தது. லிஃப்ட்காரர் அதை முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மகிழ்ச்சி அதிகாரி மூச்சிரைக்க ஓடி வந்தார். “ஐயா, அது அடுத்த மாச நிகழ்ச்சி நிரல்! ஒரு பிரதிதான் இருக்கு! பிடிச்சிருக்கலாமே!”

“பிடிச்சிருப்பேன் தம்பி” என்றார் லிஃப்ட்காரர். “ரெண்டு கையும் வேலையா இருந்துச்சு.”

அதிகாரி குனிந்து பார்த்தார். லிஃப்ட்காரரின் ஒரு கை தாள்களின் மேல் இருந்தது. இன்னொன்றை முத்திரையம்மா தன் இடது கையால் பிடித்திருந்தார். வலது கையால் டக், டக் என்று குத்திக்கொண்டேயிருந்தார்.